ரவரில் குந்தும் இராசாளி ஏன் இங்கே கூடு வைப்பதில்லை?

கேள்வி கொக்குவிலில் இருந்து வந்தது. கேட்டவரின் அண்ணா ரொறன்ரோவில் இருக்கிறார். ஒவ்வொரு வசந்தத்திலும் அங்கே ஒரு மாடிக் கட்டடத்தின் விளிம்புக்கு இராசாளிச் சோடி ஒன்று திரும்பி வந்து முட்டையிடுகிறது. அண்ணா அதைக் கமராவில் பார்த்துத் தங்கச்சிக்கும் அனுப்பி வைக்கிறார். தங்கச்சியின் வீட்டுக்குப் பின்னால் ஒரு ரவர் இருக்கிறது. மாரி தொடங்கும்போது அதில் வந்து குந்துகிற பறவையும் அதே சாயலாக அவருக்குத் தெரிகிறது. பங்குனி கழிந்தால் ஆளைக் காணவில்லை. “அதுவும் இதுவும் ஒன்றா? ஒன்றென்றால் ஏன் எங்கட ரவரில் கூடு வைக்காமல் போகுது? அண்ணா சொல்லுற மாதிரி ஒரு பெட்டி அடிச்சு மேலே ஏத்திவிட்டால் தங்குமா?” என்று மூன்று கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பெட்டி அடிக்க வேண்டாம். பலகைக் காசு மிச்சம்.

இனி முதல் கேள்வி. நீங்கள் பார்ப்பது இராசாளிதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் வளைந்த சொண்டுள்ள எல்லாமே ‘பிராந்து’. கோழிக்குஞ்சு தூக்கினால் ‘வல்லூறு’. கோயில் கும்பாபிஷேகத்தன்று வானத்தில் வட்டமிட்டால் ‘கருடன்’. புத்தகத்தில் பொரி வல்லூறு என்று எழுதியிருப்பார்கள்; பழைய வழக்கில் இராசாளி. நான் இராசாளி என்றே எழுதுகிறேன், ஏனென்றால் வல்லூறு என்றவுடன் எங்கள் ஆட்களுக்கு வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவைதான் நினைவுக்கு வரும். நானே இரண்டு வருடம் எங்கள் வளவு வேம்பில் வந்திருந்த ஒரு வைரியை இராசாளி என்று கொப்பியில் எழுதி வைத்திருந்தவன். ஒருநாள் அது ஓணான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் தாழப் பறந்தபோதுதான் பிழை விளங்கியது. இராசாளி ஓணானுக்காகக் கீழே வருவதில்லை. அது ஆகாயத்தில் பறக்கிற பறவையை ஆகாயத்திலேயே பிடிக்கிற சாதி.

பைனகுலர் இல்லாவிட்டாலும் சில விஷயங்களை வடிவாகப் பார்க்கலாம். அளவு காகமளவு, ஆனால் நெஞ்சு அகலம், தோள் கனம். குந்தியிருக்கும்போது செட்டையின் நுனி ஏறக்குறைய வாலின் நுனிவரை வரும். பறக்கும்போது செட்டை கூராக, வில் வளைத்த மாதிரி இருக்கும். கரும்பருந்தின் வால் நடுவில் வெட்டுண்ட மாதிரி இருக்குமே, அது இராசாளிக்கு இல்லை. கன்னத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பாக ஒரு பட்டை இறங்கும், முறுக்காத மீசை மாதிரி. அந்த மீசையைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. இள வயதுப் பறவை மண்ணிறமாகவும் நெஞ்சில் நெடுங்கோடுகளோடும் இருக்கும். வளர்ந்ததற்கு முதுகு சாம்பல், வயிற்றில் குறுக்குக் கோடுகள். ஒரே இடத்தில் செட்டையடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறது என்றால் அது வேறொரு சிறிய வல்லூறு, அதுவும் மாரிக்கு வருகிற விருந்தாளிதான்.

இதைவிட நல்ல சாட்சி ரவருக்குக் கீழே கிடைக்கும். காலையில் போய்ப் புல்லுக்குள் பாருங்கள். எங்கள் பக்கத்து ரவருக்குக் கீழே ஒரு கார்த்திகை மாதம் நான் எடுத்தது ஒரு சோடிச் செட்டை. இரண்டும் தோள் எலும்போடு சேர்ந்தபடியே கிடந்தன, நடுவில் இறைச்சி இல்லை, தலையும் இல்லை. நெஞ்செலும்பின் விளிம்பில் முக்கோணமாகச் சின்னச் சின்னக் கடிப்புகள், பிஸ்கட்டை எலி கரம்பிய மாதிரி. சுற்றிவரச் சிறகுகள், ஒவ்வொன்றும் அடித்தண்டோடு முழுசாகப் பிடுங்கப்பட்டவை. பூனை தின்றிருந்தால் தண்டு கடிபட்டு நசிந்திருக்கும். இராசாளி சொண்டால் ஒவ்வொரு சிறகாகப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்கும். அதன் மேற்சொண்டில் பல் மாதிரி ஒரு முனை இருக்கிறது. பிடித்த பறவையின் கழுத்தெலும்பை முறிப்பதற்கு. நான் எடுத்த செட்டை கொசு உள்ளான் என்கிற நீர்க்கரைக் குருவியுடையது, உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அது பண்ணைப் பக்கக் கடல்நீரேரியில் பிடிபட்டிருக்க வேண்டும். அங்கிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவந்து, ரவரின் மேல் தட்டில் இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டிருக்கிறது.

சரி, உங்கள் பறவையும் மீசைக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ரொறன்ரோப் பறவையும் இதுவும் ஒரே இனம், வேறு வேறு வம்சம். இராசாளி அந்தாட்டிக்கா தவிர எல்லாக் கண்டத்திலும் இருக்கிறது. அதன் இலத்தீன் பெயருக்கே பிறதேசத்தான், ஊர் சுற்றி என்றுதான் அர்த்தம். ஆனால் எல்லாக் கிளையும் ஊர் சுற்றுவதில்லை. ரொறன்ரோ நகரத்துச் சோடிகளில் பல குளிர்காலத்திலும் அந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டு அதிகம் நகராதவை. நகரத்தில் புறா இருக்கிறதே, ஏன் போக வேண்டும்? அங்கே வசந்தத்தில் ‘திரும்பி வருகிறது’ என்று சொல்வது, பாதிக்குப் பாதி, கட்டட விளிம்புக்குத் திரும்புவதைத்தான்.

யாழ்ப்பாணத்துக்கு வருகிறதுதான் உண்மையான ஊர் சுற்றி. ரஷ்யாவின் வட விளிம்பில், மரமே முளைக்காத துந்திராவில் பிறந்தது. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் 56 இராசாளிகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, மேற்கே கோலா குடாநாட்டில் இருந்து கிழக்கே கோலிமா ஆறுவரை அவை எங்கே போய் எங்கே வருகின்றன என்று பார்த்தார்கள். ஒவ்வொரு பறவையும் தன் பாதையை ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாற்றாமல் போய்வந்தது. மாரிகாலத்தைக் கழிக்கிற இடத்துக்கும் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே “போன வருஷம் வந்ததுதான் இந்த வருஷமும் வந்திருக்கு” என்று உங்கள் அம்மம்மா சொன்னால் சிரிக்காதீர்கள்.

தூரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணம் வட அகலாங்கு 9.7 பாகை. துந்திராவை 70 பாகை என்று வைத்தால் இடைவெளி 60 பாகை. ஒரு பாகை 111 கிலோமீற்றர். நேர்கோட்டில் பறந்தாலே 6,600 கிலோமீற்றருக்கு மேல், அதுவும் ஒரு வழிக்கு.

இப்போது இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் வையுங்கள். அண்ணாவின் பறவை மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ மூன்று நான்கு முட்டை இடும், செங்கல் நிறத்தில். ஏறக்குறைய 33 நாள் அடை. மே மாதத்தில் குஞ்சு. குஞ்சு பறக்க இன்னும் ஆறு கிழமை, அதாவது ஜூன் நடுப்பகுதி. உங்கள் பறவை மார்ச், ஏப்ரலில் இங்கிருந்து கிளம்புகிறது. அண்ணா கமராவில் வெள்ளைப் பஞ்சுக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற மே மாதத்தில், உங்கள் ரவர்க்காரர் இன்னும் வழியில் இருப்பார், அல்லது அப்போதுதான் பனி கரைகிற ஓர் ஆற்றங்கரையில் போய் இறங்கியிருப்பார். ஜூனில் அங்கே இரவே இல்லை. அதற்குள் முட்டையிட்டு, ஓகஸ்ட்டில் குஞ்சைப் பறக்கவிட்டு, செப்டெம்பரில் குளிர் துரத்துமுன் கிளம்ப வேண்டும். ஐப்பசி மழைக்கு நாங்கள் குடையைத் தேடுகிற நேரம் அவர் இங்கே வந்துவிடுவார்.

மாரியில் இங்கே இருக்கும்போது அதன் உடம்பு கூடு வைக்கிற நிலையில் இல்லை. பகல் நீள நீளத்தான் பறவையின் சூலகமும் விதையும் பருத்துக் குடும்பம் நடத்தத் தயாராகும். எங்களுக்கு மார்கழிக்கும் ஆனிக்கும் பகல் நீளத்தில் வித்தியாசம் ஒரு மணித்தியாலம் சொச்சந்தான். துந்திராவில் அது முழு இருட்டுக்கும் முழு வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம். கொழும்பில் வேலைக்கு அறை எடுத்து இருக்கிற பெடியன் போலத்தான் இங்கே அது. சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, கலியாணம் மட்டும் ஊரில். நீங்கள் எவ்வளவு வடிவான பெட்டி அடித்து ஏற்றினாலும் அதில் இருந்து உள்ளானைத் தின்னுமே தவிர முட்டையிடாது.

“அப்படியென்றால் இலங்கையில் இராசாளி கூடே வைப்பதில்லையா?” என்று கேட்பீர்கள். வைக்கிறது. அது மூன்றாவது கிளை, ஷாஹீன் என்பார்கள். வயிறு செம்மண் நிறம், தலை நல்ல கறுப்பு. அது நாட்டை விட்டுப் போகாத நிரந்தரவாசி. சீகிரியாக் குன்று அதற்குப் பெயர் போன இடம். ஓவியம் பார்க்க மேலே ஏறுகிற சனத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட அண்ணாந்து அதைப் பார்ப்பதில்லை. இராசாளி எந்த ஊரில் இருந்தாலும் சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்தான பாறையில் ஒரு தட்டைக் கண்டுபிடித்து, அதில் நெஞ்சை வைத்து அரக்கிக் குழி பறித்து, வெறும் மண்ணில் முட்டையிடும். எங்களிடம் அந்தப் பாறைதான் இல்லை. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் தட்டை. மலை என்று பெயருக்கு ஒரு கீரிமலை இருக்கிறது. அங்கே போனால் கேணிக்குள்தான் இறங்க வேண்டும்.

அண்ணாவின் நகரத்தில் அந்தப் பெட்டி ஏன் வேலை செய்கிறது என்பது இன்னொரு கதை. இராசாளிக்குக் கண்ணாடிக் கட்டடமும் ஒரு பாறைதான். ஆனால் கட்டட விளிம்பில் மண் இல்லை. 1940களில் மொன்றியல் நகரில் சன் லைஃப் கட்டடத்தின் விளிம்பில் ஒரு பெட்டை முட்டையிட்டது. வெறும் கல்லில் முட்டை நிலைக்காமல் வீணாய்ப் போக, பறவை ஆர்வலர் ஒருவர் சரளைக்கல் நிரப்பிய ஒரு பலகைத் தட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்தார். பெட்டை அதை ஏற்றுக்கொண்டு 1952 வரை அங்கே குடும்பம் நடத்தியது. இன்று உலகமெங்கும் வைக்கிற பெட்டி எல்லாம் அந்தச் சரளைத் தட்டின் பேரப்பிள்ளைகள்.

அதன் பிறகுதான் கெட்ட காலம். டீ.டீ.ரீ. மருந்து. எங்கள் வயதுக்காரருக்கு அந்த வாசம் தெரியும். மலேரியாவுக்கு வீட்டுச் சுவரெல்லாம் அடித்துவிட்டுப் போவார்கள். அதை நான் திட்டமாட்டேன். 1963இல் இலங்கை முழுவதிலும் மலேரியா நோயாளர் வெறும் 17 பேர் என்ற நிலைக்கு வந்ததில் அந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மேல்நாடுகளில் அதை வயலுக்கும் காட்டுக்கும் கொட்டினார்கள். பூச்சியைச் சின்னக் குருவி தின்றது, நூறு குருவியை இராசாளி தின்றது, நஞ்சு முழுவதும் அதன் கொழுப்பில் சேர்ந்தது. பறவை சாகவில்லை, முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேராமல் போனது. தாய் அடையில் இருக்க, தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது. பிரித்தானியாவில் டெரெக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைச் சேகரிப்புகளை எடுத்து ஓட்டை நிறுத்துப் பார்த்து, 1940களின் பிற்பகுதியில் இருந்து ஓடு மெலிந்துவிட்டதை 1967இல் எழுதினார். சும்மா பொழுதுபோக்குக்கு முட்டை சேர்த்த ஆட்களின் பெட்டிகள்தான் கடைசியில் சாட்சி சொன்னது. அதற்குள் அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் கூடு வைக்கிற ஒரு சோடிகூட மிஞ்சவில்லை.

1972இல் அமெரிக்கா அந்த மருந்தைத் தடை செய்தது. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் டொம் கேட் என்ற பேராசிரியரும் கூட்டாளிகளும் இராசாளி வளர்ப்போரிடம் இருந்த பறவைகளை வைத்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். குஞ்சுகளை உயரமான கோபுரங்களிலும் கட்டடங்களிலும் பெட்டிக்குள் வைத்து, மனித முகம் தெரியாமல் குழாய் வழியாக இரை போட்டு, பறக்கிற வயதில் கதவைத் திறந்துவிட்டார்கள். 4,000க்கு மேல் இப்படி விட்டார்கள். கட்டடத்தில் வளர்ந்த குஞ்சு பெரிதானதும் கட்டடத்தையே தேடி வந்தது. 1983இல் நியூயோர்க் பாலங்களில் கூடு வந்தது. கனடாவும் இதே வழியில் போனது. ஆகவே அண்ணா பார்க்கிற கூட்டுக்குப் பின்னால் பிழைவிட்ட ஒரு தலைமுறையும், அதைத் திருத்தப் படாதபாடுபட்ட அடுத்த தலைமுறையும் இருக்கிறது. இன்றும் ஜூன் மாதத்தில் குஞ்சு முதல்முறை பறக்கிற நாட்களில் ரொறன்ரோ வீதிகளில் தொண்டர்கள் துவாயும் பெட்டியுமாக அண்ணாந்தபடி நிற்பார்கள், தவறி றோட்டில் விழுகிறதைத் தூக்குவதற்கு. அப்படி இருந்தும் முதல் வருடத்தைத் தாண்டுவது பாதிக்கும் குறைவு.

மெல்பேர்ணில் உங்களுக்கு யாராவது சொந்தம் இருந்தால் அங்கேயும் கொலின்ஸ் வீதி 367ஆம் இலக்கக் கட்டடத்தில் ஒரு கூடு இருக்கிறது, கமராவோடு. ஆனால் அங்கே வசந்தம் எங்கள் ஆவணி, புரட்டாதியில் வரும். ஓகஸ்ட் கடைசியில் முட்டை. வடக்கே முடிந்ததும் தெற்கே தொடங்கலாம், வருடம் முழுக்கப் பார்க்கலாம்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். ரவர் எல்லாம் நேற்றைய சாமான். அதற்கு முந்தி இராசாளி எங்கே குந்தியது? நான் முதன்முதலாகச் சரியாக அடையாளம் கண்டது ஒரு மொட்டைப் பனையில். ஷெல் பட்டுத் தலை போன பனை. ஓலை இல்லாமல் கறுத்த தூண் மாதிரி நின்றது, அப்படி வரிசையாக எத்தனையோ நின்ற காலம். ஓலையுள்ள பனையில் இராசாளிக்கு நாலாபக்கமும் தெரியாது, மொட்டைப் பனையில் தெரியும். எங்களுக்கு அந்தப் பனையைப் பார்க்க வயிறு எரிந்தது; அது வசதியாக இருந்து தாராக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அந்த மரங்கள் உக்கி விழுந்தன, ரவர்கள் எழும்பின, பறவை இடம் மாறியது.

இங்கே அதற்குச் சாப்பாட்டுக் குறை இல்லை. மாரியில் மண்டைதீவு, அராலி, தொண்டைமானாறு, சரசாலைக் குருவிக்காடு, அங்கால் சுண்டிக்குளம் என்று எங்கே பார்த்தாலும் ஊசிவால் தாராக்களும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் இறங்கும். அவையும் வடக்கே இருந்து வந்தவைதான். ஒருவகையில் இராசாளி தன் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறது. தண்ணீர்க் கரையில் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பி, ஒரு பந்து மாதிரி இறுகிச் சுழன்றால் தலைக்கு மேலே பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு புள்ளி செட்டையை மடக்கிக்கொண்டு கல் மாதிரி விழும். அந்த விழுகையில் மணிக்கு 300 கிலோமீற்றரைத் தாண்டும். பத்துத் தரம் விழுந்தால் ஒன்பது தரம் வெறுங்கையோடு எழும்புகிறதையும் பார்ப்பீர்கள், அதில் அதற்கு ஒரு வெட்கமும் இல்லை.

கூடுதான் பார்க்க ஆசை என்றால் அதற்கும் யாழ்ப்பாணத்தில் வழி இருக்கிறது. கரும்பருந்து இலங்கையில் பெரும்பாலும் எங்கள் வடகரையோரத்தில்தான் வாழ்கிறது, தெற்கில் உள்ளவர்கள் அதைப் பார்க்க இங்கே வருகிறார்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் மீன் இறக்குகிற நேரம் போய்ப் பாருங்கள். செம்பருந்து, எங்கள் கருடன், மார்கழிக்கும் சித்திரைக்கும் இடையில் தென்னையிலோ உயர்ந்த மரத்திலோ சுள்ளிக் கூடு கட்டி இரண்டு முட்டை வரை இடும். உங்கள் இராசாளி புறப்படுகிற பங்குனியில் பக்கத்துத் தென்னையில் கருடன் குஞ்சுக்கு மீன் கொண்டுவந்துகொண்டிருக்கும். ஒரு பழைய போனை மொட்டைமாடிச் சுவரில் கட்டினால் அதுவே உங்கள் கமரா. கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள், தேங்காய் பறிக்கிற ஆளிடம் மட்டும் இரண்டு மாதம் அந்த மரத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள், பட்ட நூல். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் விடுகிற பட்டங்களைப் பார்க்க நானும் போகிறவன்தான். ஆனால் அறுந்த நைலோன் நூல் ரவரிலும் மரத்திலும் மாதக்கணக்கில் தொங்கும். செட்டையில் சுற்றினால் பறவையால் அவிழ்க்க முடியாது. கண்ட இடத்தில் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

இந்த வருடம் செப்டெம்பர் கடைசியில் இருந்தே ரவரைப் பாருங்கள். காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில் நல்லது, வெயில் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்கள். முதலில் கண்ட திகதியையும் கடைசியாகக் கண்ட திகதியையும் கலண்டரில் குறித்து வையுங்கள். எந்தத் தட்டில் குந்துகிறது, மண்ணிறமா சாம்பலா, மீசை தடிப்பா மெல்லிசா என்றும் எழுதுங்கள். கொஞ்சம் நல்ல கமரா கையில் இருந்தால் கால்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். வளையம் ஏதாவது போட்டிருந்தால், அதில் உள்ள எழுத்தை வைத்து எந்த ஆற்றங்கரையில் பிறந்த ஆள் என்று கேட்டுச் சொல்லலாம்.